படங்கள் காணும்

அந்தக் கணினிக்குள் பன்னிரண்டு படங்கள் இருந்தன. பன்னிரண்டும் ஓர் அக்காவின் தம்பியுடையவை. அவன் யாழ்ப்பாணத்தில் ஒரு நாள் காலை சைக்கிளில் கடைக்குப் போனவன், திரும்பி வரவில்லை. வீட்டு ஆல்பம், குடும்பம் போரில் இடம்பெயர்ந்த காலத்திலேயே தொலைந்திருந்தது. அடையாள அட்டை அவன் சட்டைப்பையோடு போயிற்று. அவன் முகம் இப்படி இருக்கும் என்று யாருக்காவது காட்ட வேண்டுமானால் மிச்சமிருந்தவை அந்தப் பன்னிரண்டு படங்கள்தான். அவற்றை அழித்தவன் நான். இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு, இத்தாலியில் பலேர்மோ நகரத்தில், ஒரு புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு, காபி குடித்துக்கொண்டே அழித்தேன்.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. இயற்பியலில் ஆராய்ச்சி செய்ய மதுரையிலிருந்து வந்தவன். கபோ சந்தைக்கு மேலே, மூன்றாம் மாடியில் ஓர் அறை. ஆராய்ச்சி ஓர் அங்குலம்கூட நகரவில்லை. பேராசிரியர் என்னை நடைவழியில் கண்டால் கைபேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார். அங்கே கிடைக்காத மரியாதையை நான் லினக்ஸில் தேடினேன். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்கிற அந்த இயங்குதளம் எனக்கு மதமாகவே ஆகிவிட்டது. மதம் மாறியவனுக்குத்தான் பக்தி அதிகம். யாராவது கணினி மெதுவாக ஓடுகிறது என்று வாய்தவறிச் சொல்லிவிட்டால் அன்று அவர் தப்பிக்க முடியாது.

இன்னொரு மண்டைக்கனமும் இருந்தது. பலேர்மோவில் தமிழ் பேசுகிறவர்களில் பெரும்பாலோர் யாழ்ப்பாணத்துக்காரர்கள். வீட்டு வேலை, சமையலறை வேலை, முதியவர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை என்று இருந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து படிக்க வந்த நாங்கள் ஒரு கை விரல்களில் அடங்குவோம். நாங்கள் கூடினால் அவர்கள் பேச்சைப் பேசிக் காட்டிச் சிரிப்போம். அந்த விளையாட்டில் நான்தான் கெட்டிக்காரன். ‘ஓம்’, ‘வாறன்’, ‘போறன்’ என்று நாலு சொல்லை வைத்துக்கொண்டு அந்தத் தமிழே எனக்கு அத்துபடி என்று நினைத்திருந்தேன். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அக்காவைப் பல்லரோ சந்தைக்குப் பக்கத்தில் அரிசியும் மிளகாய்த்தூளும் விற்கிற கடையில் பழக்கம். பொலிதேயாமா அரங்கின் பக்கம் ஒரு சிஞ்ஞோராவின், அதாவது இத்தாலிய எசமானியம்மாவின், வீட்டில் பதினொரு வருடமாக வேலை செய்துவந்தார். சிஞ்ஞோரா மகனுக்குப் புதுக் கணினி வாங்கியபோது, பழையதைக் கீழே குப்பைக்கு இறக்கச் சொல்லியிருக்கிறார். அக்கா அதைத் தன் வீட்டுக்கு இறக்கிவிட்டார். ஊரில் தம்பி, பிறகு மூடிப்போன ஒரு படப்பிடிப்புக் கடையில் வேலை பார்த்தான். தன்னுடைய படங்களை மின்னஞ்சலில் அனுப்பினான். அக்கா கணினியில் சேமித்துக்கொண்டு மின்னஞ்சல்களை அழித்துவிட்டார். அந்தக் காலத்து இலவசப் பெட்டியில் நாலு படம் வந்தால் இடம் தீர்ந்துவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார். கணினியின் பொத்தானை அழுத்திவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தோம். நான் இரண்டாம் முறை சோறு வாங்கும்போதுதான் திரை வெளுத்தது.

“இது எழும்பப் பத்து நிமிசம் எடுக்குது, தம்பி. சிலநேரம் எழும்பாமலே கிடக்கு,” என்றார் அக்கா.

“நூத்து இருபத்தெட்டு எம்.பி. மெமரியை வெச்சுக்கிட்டு இது என்னக்கா பண்ணும், பாவம்? விண்டோஸைத் தூக்கிட்டு லினக்ஸ் போட்டுருவோம். பறக்கும் பாருங்க.”

“உதெல்லாம் எனக்குத் தெரியாது. கெதியாத் திறந்தாச் சரி. என்ரை தம்பியின்ரை படங்கள் உதுக்குள்ளை கிடக்கு. சிலநேரம் திறக்குது, சிலநேரம் திறக்குதில்லை.”

“பாத்துக்கலாம்க்கா,” என்றேன். எந்தத் தம்பி, எங்கே இருக்கிறான், என்ன படம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் பெட்டியின் மூடியைக் கழற்றி மெமரி செருகுகிற இடத்தை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அக்காவின் கணவர் ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவுபவர். அவரை அண்ணன் என்று கூப்பிடுவேன், அதிகம் பேசாதவர். அன்றைக்கு அவர் கேட்டது ஒரே கேள்வி.

“தம்பி, நாங்கள் கதைக்கிறது உங்களுக்கு வடிவா விளங்குதோ?”

“நல்லாவே புரியுதுண்ணே. நான் இங்க வந்து மூணு வருஷம் ஆச்சு.”

அக்கா தட்டைக் கழுவிவிட்டு வந்து இன்னொன்று கேட்டார். “இத்தாலியனிலை போட்டுத் தருவீங்களோ? எனக்கு ஆங்கிலம் ஓடாது. இத்தாலியன் எண்டா சிஞ்ஞோரா வீட்டிலை பாத்துப் பழகினது.”

“தமிழ்லயே வருதுக்கா. நாம தமிழங்க, நமக்கு எதுக்கு இத்தாலியன்?”

“தமிழிலையோ? அது என்னெண்டு விளங்கும்?”

நான் சிரித்தேன். தாய்மொழியில் விளங்காதாம். மறுநாள் நண்பர்களிடம் சொல்வதற்கு நல்ல கதை கிடைத்தது என்று நினைத்தேன்.

பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு பல்லரோவிலிருந்து கபோ வரை நடந்தேன். வழியில் ஒரு மீன்காரர், கிலோ என்ன விலை என்று கேட்டார். செத்து எத்தனை நாள் ஆகிறது என்று பக்கத்துக் கடைக்காரர் கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. ‘இன்னும் மூன்று நாளில் பாருங்கள்’ என்று மனசுக்குள் சவால் விட்டுக்கொண்டு படியேறினேன்.

பழைய கணினிக்கு எந்த லினக்ஸ் என்பது அப்போதெல்லாம் ஜாதகம் பார்க்கிற மாதிரி. மெமரி எவ்வளவு, உள்ளே இருக்கும் வன்தட்டில் இடம் எவ்வளவு, எது எதோடு ஒத்துப்போகும் என்று பார்க்க வேண்டும். அக்காவின் கணினியில் ஆறு ஜி.பி. தட்டு. அதற்கு இரண்டு பொருத்தங்கள் இருந்தன.

முதலாவது மிகச் சிறியது. ஒரு குறுந்தகட்டில் பத்தில் ஒரு பங்குகூட நிரம்பாது. தகட்டைப் போட்டுக் கணினியை முடுக்கினால் மொத்தமும் மெமரிக்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளும். தட்டில் இருப்பதில் ஒரு துரும்பைக்கூடத் தொடாது. பழையபடி இருக்க வேண்டுமென்றால் குறுந்தகட்டை வெளியே எடுத்துவிடலாம். இணையம் பார்க்கலாம், கடிதம் எழுதலாம், படம் திறக்கலாம். இத்தாலியன் மொழித் தொகுப்பும் இருந்தது. அதைப் போட்டுப் பார்த்தேன். நாற்பது விநாடியில் எழுந்து நின்றது. அக்கா கேட்டது இதுதான். கெதியாத் திறக்க வேண்டும், இத்தாலியனில் இருக்க வேண்டும். வேலை அங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

எனக்கு மனசு நிறையவில்லை. அதில் தமிழ் இல்லை.

இரண்டாவது கொஞ்சம் கனமானது. எளிய டெஸ்க்டாப்தான், என்றாலும் நூற்று இருபத்தெட்டு எம்.பி.யில் மூச்சு வாங்கும். என் மேசை இழுப்பறையில் கிடந்த ஒரு பழைய மெமரித் துண்டைச் செருகினால் சமாளிக்கும். தட்டு முழுவதையும் கேட்கும். உள்ளே இருப்பதையெல்லாம் துடைத்துவிட்டுத்தான் உட்காரும். ஆனால் அதில் தமிழ் இருந்தது. அந்தத் தமிழாக்கத்தில் இருபதோ முப்பதோ வரிகள் நான் அனுப்பியவை. ஒரு வீட்டில், ஒரு மேசையில், நான் எழுதிய தமிழ் திரையில் வர வேண்டும் என்று எனக்கு ஆசை. யார் வீடு, யார் மேசை என்பது முக்கியமாகத் தெரியவில்லை. படிக்கத் தெரிந்த எவரும் இப்படித்தான் தேர்ந்தெடுப்பார்கள் என்று என்னையே நம்பவைத்தேன். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன்.

துடைப்பதற்கு முன் படங்களை எடுத்து வைக்க வேண்டும். அது எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பழைய விண்டோஸுக்குப் பென் டிரைவைத் தெரியாது. சிறிய லினக்ஸ் தகட்டில் எழுப்பி, கோப்புறை கோப்புறையாகத் தேடி, நகலெடுக்க வேண்டும். அரை மணி நேர வேலை. அந்த அரை மணி நேரம் எனக்கு எரிச்சலாக இருந்தது. எதை எதை எடுக்க வேண்டும் என்று கேட்டுவிடலாம் என அக்காவின் கைபேசிக்கு அழைத்தேன். அவர் வேலையில் இருந்தார். சிஞ்ஞோராவுக்கு வேலை நேரத்தில் கைபேசி பிடிக்காது. அக்கா குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்.

“அக்கா, டிஸ்க் முழுசையும் அழிக்கப் போறேன். அதுல என்னென்ன இருக்கு? எதை எடுத்து வைக்கணும்?”

“படங்கள் காணும், தம்பி. மற்றதெல்லாம் அழிச்சுப்போடுங்கோ.”

“அப்படியா? சரிதானேக்கா, அழிச்சுரலாமா?”

“ஓம், ஓம். வைக்கிறன், சிஞ்ஞோரா வாறா.”

படங்களைக் காணும். சிலநேரம் திறக்கவில்லை என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார். இப்போது மொத்தமாகவே போய்விட்டன போலும், வைரஸ் தின்றிருக்கும் என்று நினைத்தேன். அவர் அதை இவ்வளவு சாதாரணமாகச் சொன்னது கொஞ்சம் ஆச்சரியமாகத்தான் இருந்தது. ‘இவங்களுக்கு எல்லாமே லேசுதான்’ என்று நினைத்தது நன்றாக நினைவிருக்கிறது. ஒரு தடவை கோப்புறையைத் திறந்து பார்த்திருக்கலாம். சிறிய லினக்ஸின் தகடு கைக்கு எட்டும் தூரத்தில்தான் கிடந்தது. பார்க்கவில்லை. அரை மணி நேரம் மிச்சம் என்று சந்தோஷப்பட்டேன். காபி போட்டேன். தட்டில் உள்ள எல்லாம் அழியும், சம்மதமா என்று நிறுவும் நிரல் கேட்டது. சம்மதம் சொன்னேன்.

மூன்று நாள் கழித்து, சனிக்கிழமை மாலை, கணினியோடு அக்கா வீட்டுக்குப் போனேன். மேசை துடைத்து, மேலே பூப்போட்ட துணி விரித்திருந்தார்கள். அண்ணன் வேலைக்குப் போகும் நேரத்தைத் தள்ளிப்போட்டுவிட்டு நின்றார். கணினி ஒரு நிமிடத்தில் எழுந்தது. திரையில் தமிழ். கொம்பும் எழுத்தும் அங்கங்கே பிரிந்து கிடந்தன, இருந்தாலும் தமிழ்.

அக்கா விரலை வைத்து வாசித்தார். “அடைவு. அடைவு எண்டா? நகை அடைவு வைக்கிறதோ?”

நான் வாய்விட்டுச் சிரித்தேன். எங்கள் ஊர் அடகு அவர்களுக்கு அடைவு என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். “கோப்புகளை வைக்கிற இடம்க்கா. கலைச்சொல்.”

“இதுக்கு இத்தாலியன் நல்லாயிருக்கும்,” என்றார் அண்ணன். நான் கண்டுகொள்ளவில்லை.

அக்கா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். “சரி, தம்பியின்ரை படங்களைத் திறவுங்கோ.”

“அதான் காணும்னு சொன்னீங்களேக்கா.”

“ஓம். காணும் எண்டுதான் சொன்னன்.”

“அப்புறம்?”

“அப்ப திறவுங்கோவன்.”

“காணும்னா எப்படிக்கா திறக்கிறது?”

அக்கா அண்ணனைப் பார்த்தார். நான் விளையாடுகிறேனா என்று அவருக்குச் சந்தேகம். பிறகு, விளங்காதவனுக்குச் சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னார். “காணும். காணும் எண்டா… பஸ்தா. பஸ்தா எண்டு சொன்னனான்.”

பஸ்தா என்றால் இத்தாலியனில் போதும்.

எங்கள் ஊரில் செருப்பைக் காணும் என்றால் செருப்பு தொலைந்துவிட்டது. அவர்கள் ஊரில் சோறு காணும் என்றால் சோறு போதும். படங்கள் மட்டும் போதும், மற்றதையெல்லாம் அழித்துவிடு என்று அவர் சொல்லியிருக்கிறார். படங்கள் தொலைந்துவிட்டன, மற்றதையும் அழித்துவிடு என்று நான் கேட்டிருக்கிறேன். இரண்டு தமிழர்களுக்கு நடுவே ஒரு தமிழ்ச் சொல் விளங்க இத்தாலியன் வேண்டியிருந்தது. அப்போதும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

“போதும்னே சொல்லியிருக்கலாமேக்கா,” என்றேன்.

அண்ணன்தான் பதில் சொன்னார். “எங்கடை கதை விளங்கும் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?”

நான் அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. நிலைமையைச் சரிசெய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, உற்சாகமாகவே சொன்னேன். “ஒண்ணும் பிரச்சினை இல்லக்கா. உங்க தம்பிகிட்டச் சொல்லி இன்னொரு தடவை அனுப்பச் சொல்லுங்க.”

அக்கா எழுந்து சமையலறைக்குப் போனார். அண்ணன் வாசலைப் பார்த்தபடி சொன்னார். சைக்கிள், கடை, திரும்பி வராதது. ஒன்பது மாதமாகிறது. காணாமல் போனவர்களைத் தேடுகிற ஓர் அமைப்புக்குக் கொடுக்கச் சொல்லி, கொழும்பிலிருக்கும் உறவுக்காரர் ஒரு படிவம் அனுப்பியிருக்கிறார். அதோடு படம் வைக்க வேண்டும். கணினியைச் சரிசெய்யச் சொன்னதே அதற்காகத்தான். அக்கா திரும்பி வந்தபோது கையில் எனக்கான தேத்தண்ணீர் இருந்தது.

“குடியுங்கோ, ஆறுது,” என்றார்.

குடித்தேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அந்த வீட்டில் யாரும் என் மேல் குரல் உயர்த்தவில்லை, அதற்காக நான் அவர்கள் மேல் கோபப்பட்டேன். அப்படியும் ஒரு மனுஷன் இருப்பானா என்றால், இருந்தேன்.

கணினியை மறுபடி தூக்கிக்கொண்டு வந்தேன். அழிந்ததை மீட்கும் நிரல்கள் உண்டு. ஆனால் நான் அழித்ததோடு விடாமல் அதன் மேலேயே எழுதியுமிருந்தேன். மூன்று வாரம் ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போகவில்லை. தட்டைத் துளித்துளியாகத் துருவினேன். சிஞ்ஞோராவின் மகன் கடற்கரையில் தோழிகளோடு எடுத்த படங்கள் நாற்பதுக்கு மேல் வந்தன. ஒரு கீறல் இல்லாமல், பல் தெரியச் சிரிக்கிற படங்கள். இணையப் பக்கங்களின் பொத்தான்கள் ஆயிரக்கணக்கில் வந்தன. தம்பியின் பன்னிரண்டில் ஒன்றே ஒன்று வந்தது, அதுவும் மேல் பாகம் மட்டும். கூரையில் ஒரு மின்விசிறி, கீழே வகிடெடுத்துச் சீவிய தலைமயிர், இரண்டு விரல் அளவு நெற்றி. அதற்குக் கீழே சாம்பல் நிறம்.

அதை அச்செடுத்துக்கொண்டு போனேன். அக்கா சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“அவன்ரை தலைதான்,” என்றார். பிறகு, “இது காணாது, தம்பி.”

போதாது என்கிறார் என்று இம்முறை விளங்கியது.

படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. படம் இல்லாவிட்டால் அடையாளங்களை விவரமாக எழுதலாம் என்று ஓரத்தில் போட்டிருந்தது. அதையாவது நான் நிரப்புகிறேன் என்று கேட்டேன். அண்ணனுக்கு விருப்பமில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் ஆங்கிலம் எழுத வேறு ஆளில்லை. மேசையில் கணினி இருந்த இடத்தில் படிவத்தை விரித்தோம். ஒவ்வொரு சொல்லையும் இரண்டு தடவை கேட்டேன். அக்கா சொன்னதை என் தமிழில் திருப்பிச் சொல்லி, அவர் ஓம் என்ற பிறகுதான் எழுதினேன்.

“உயரம்?”

“உங்கடை உயரம் வரும்.”

“நிறம்?”

“உங்களை விடக் கொஞ்சம் வெள்ளை.”

“வேற அடையாளம், தழும்பு ஏதாவது?”

“புருவத்துக்கு மேலை ஒரு காயத் தழும்பு இருக்கு. சின்னனிலை கிணத்துக்கட்டிலை விழுந்தவன். நான்தான் தூக்கிக்கொண்டு ஓடினனான்.”

“எந்தப் பக்கம்க்கா?”

அக்கா இடது புருவத்தைத் தொட்டார். கையை எடுத்து வலது புருவத்தைத் தொட்டார். கண்ணை மூடிக்கொண்டு, இல்லாத ஒரு பிள்ளையை இரண்டு கையிலும் ஏந்திப் பார்த்தார். தலை எந்தப் பக்கம் வரும் என்று கையை மாற்றிப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தெரியாதென்று தலையசைத்தார்.

“ஊர்ல இருக்கிற உங்க அம்மாகிட்ட ஒரு போன் போட்டுக் கேக்கலாம்க்கா.”

“கேட்டனான். அவனைப் பற்றிக் கதைச்சாலே அழுகிறா. ஒண்டும் சொல்லுறா இல்லை.” படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “பதினேழு வருசம் ஒரே வீட்டிலை இருந்தனாங்கள். படத்திலை பாத்துச் சொல்லலாம் எண்டு இருந்திட்டன்.”

பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நான் காத்திருந்தேன். அந்த இடத்தை வெறுமையாக விடலாமா என்று கேட்டேன். விட்டால் தேடுகிறவர்களுக்கு ஒன்றுமே இருக்காது என்றார் அண்ணன்.

“உங்களுக்குச் சரியெண்டு படுறதை எழுதுங்கோ, தம்பி,” என்றார் அக்கா. “நீங்கள் அப்பிடித்தானே செய்யிறனீங்கள்.”

இடது என்று எழுதினேன்.